கொக்கி ஓங்கிய வாரம்

அக்டோபர் 6, திங்கள். தி.வனம்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் திண்டிவனம் வந்தேன். உட்கார இடம் கிடைத்தது. சாக்குக் கடை திறந்து சாம்பிராணி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் தராசில், தையல் மெஷினில், கொக்கியில் இன்னும் அப்படியே. கடையாள் தண்டபாணி துடைக்கவில்லை. தீபாவளி வரை இருக்கட்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

இன்று ஒரு காரியம் நடந்தது. எழுத வேண்டாம் என்று மாலை வரை இருந்தேன். சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

போணி ஆகவில்லை. விழுப்புரம் தாண்டி, காணைப் பக்கத்து சவரிமுத்து வந்தான். குத்தகை நிலத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிறவன், வருஷா வருஷம் என்னிடம்தான் சாக்கு எடுப்பான். போன வாரம் எடுத்துப்போன பழைய சாக்குக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்து கல்லாவுக்கு முன்னால் பொத்தென்று போட்டான். பாதிச் சாக்கு எலி கடித்ததாம். மாற்றித் தரணுமாம்.

"போணி ஆவல. அப்பறமா வா."

"பஸ்சுக்கு நேரமாவுது மொதலாளி. கொல்லையில ஆளுங்க செடி புடுங்கிக்கினு இருக்காங்க. மாத்திக் குடுத்தா ஜல்தியா போயிடுவேன்."

"மொதல்ல அதத் தூக்கு."

"எலி கடிச்சதக் குடுத்துட்டு தூக்குன்னா இன்னா ஞாயம்?"

இவ்வளவுதான் பேச்சு. முதல் வியாபாரம் ஆவதற்குள் போன சரக்கு திரும்பி வந்தால் அன்று முழுக்க வரவு இருக்காது. இது நான் கண்டுபிடித்ததில்லை, மார்க்கெட்டில் எல்லாரும் பார்க்கிற வழக்கம். அவனுக்கும் தெரியும். கல்லாவுக்கும் அவனுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்குச் சாக்குக் கட்டுகள். நான் சுற்றிப் போகவில்லை. தாண்டினேன். கையில் கட்டு இழுக்கிற கொக்கி. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. ஓங்கினேன்.

அடிக்கவில்லை. தொடவில்லை.

அவன் சடாரென்று குந்திவிட்டான். இரண்டு கையும் தலைமேல். முழங்கை முகத்துக்கு முன்னால். கண் இறுக்க மூடியிருந்தது.

எதிர்க்கடைக்காரர்கள் சிரித்தார்கள். "இந்த வயசுல அசால்ட்டா தாண்டிட்டாருப்பா," என்று ஒருத்தர். நானும் சிரித்தேன்.

அவன் எழுந்து, கீழே விழுந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். கட்டை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அப்புறம் ஒரு அரிசி மண்டிக்காரர் வந்தார். நல்ல போணி. மத்தியானம் டீக்கடையில் வியாபாரிகள் சங்கத் தலைவரிடம், "அவனுக்கு இந்த மார்க்கெட்டுல இனிமே சாக்கு கெடையாதுண்ணே," என்றேன். பேச்சுவாக்கில் சொன்னதுதான்.

வலது முட்டியில் வலி. தாண்டியதால். தைலம் வாங்கணும். பி.பி. மாத்திரையும் தீர்ந்துவிட்டது.


அக்டோபர் 7, செவ்வாய். வி.புரம்

கடைக்குப் போகவில்லை. காலையில் தி.வனம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். சவரிமுத்துவின் மகள் புகார் கொடுத்திருக்கிறாள். பெயர் ஸ்டெல்லா. இங்கே வி.புரத்தில் துணிக்கடையில் பில் போடுகிற பெண்ணாம். சனிக்கிழமை இரண்டு தரப்பும் வரணும்.

வக்கீலைப் பார்க்கப் போனேன். ஆபீசில் ஃபேன் ஓடவில்லை, கேஸ் கட்டால் விசிறிக்கொண்டே கேட்டார்.

"சார், நான் அடிக்கல. தொடவே இல்ல."

"தொட்டீங்கன்னா அதுக்கு வேற பேரு. இது அசால்ட்டு."

"அசால்ட்டா?"

"ஓங்கி, எதிராளி அடி விழப்போவுதுன்னு பயந்தா போதும். அதுக்குப் பேருதான் அசால்ட்டு. சட்டத்துல அப்டித்தான் இருக்கு."

விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் பொஸ்தகத்துல. ஸ்டேஷன்ல தொட்டீங்களான்னுதான் கேப்பாங்க. தொடலன்னு சொல்லுங்க. நெசந்தானே? காயமும் இல்ல. முடிஞ்சுபோச்சு. எந்த ஜனம் அவங்க?"

சொன்னேன்.

"சர்ச்சுக்குப் போறவங்களா? அப்போ அந்தப் பெரிய சட்டம், வன்கொடுமைச் சட்டம், வராது. நிம்மதியா போங்க."

நிம்மதியாகத்தான் படி இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சர்பத் குடிக்கும்போதுதான் எதற்கு நிம்மதிப்பட்டேன் என்று தோன்றியது. பாதி டம்ளரை வைத்துவிட்டேன்.

அசால்ட்டு. தினம் பத்துத் தடவை நான் சொல்கிற சொல். லோடை அசால்ட்டா ஏத்திடலாம், பேங்க் மேனேஜரை அசால்ட்டா பாத்துக்கலாம். சுலபமாக என்றுதான் அர்த்தம் என்று இருந்தேன். இங்கிலீஷில் அது ஒரு குற்றத்தின் பெயர் என்று இந்த வயதில் தெரிகிறது.

வாங்க வேண்டியது: தைலம் (வாங்கியாச்சு), மாத்திரை (மறந்துவிட்டேன்), சனிக்கிழமை பெருமாள் தளிகைக்குத் துளசி.


அக்டோபர் 8, புதன். வி.புரம்

கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். சாயங்காலம் தூறல் போட்டு நின்றது. மருமகள் கவிதா கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பையன் பெங்களூரில். வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு கம்மி. குழம்பில் உப்பு, கரண்ட் பில், அவ்வளவுதான்.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சும்மா கேட்பது மாதிரி கேட்டேன். "அசால்ட்டுன்னா இன்னாம்மா அர்த்தம்?"

"தாக்குதல் மாமா."

"அது தெரியும். எங்கேருந்து வந்திச்சி அந்த வார்த்த?"

பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இப்படி எதையும் அவளிடம் கேட்டதில்லை. அவளுக்கு இது பிடித்த விஷயம் போல. பேச ஆரம்பித்தாள். லத்தீனில் குதிப்பதற்கு ஒரு சொல் இருக்கிறதாம். அதிலிருந்து, ஒருத்தன்மேல் குதிப்பது. பிரெஞ்சுக்காரன் வாய்க்குப் போய் இங்கிலீஷ்காரனிடம் வந்ததாம்.

"அப்போ அடிக்கறதுன்னு இல்லியா?"

"மொதல்ல இல்ல மாமா. பாயறது. அடி அப்பறம்தான்."

நம்மிலும் அப்படித்தானே சொல்கிறோம். மேலே பாஞ்சிட்டான் என்கிறோம். நாய் பாயுது, புலி பாயுது. லத்தீன்காரனும் காணைக்காரனும் ஒருத்தரையொருத்தர் பார்த்தது கிடையாது. இரண்டு பேரும் கண்டது ஒன்றுதான் போலிருக்கிறது: கோபம் வந்தவனின் கால் முதலில் தரையை விடுகிறது.

"நாங்க சொல்ற அசால்ட்டு?"

"அது எப்டி சுலபம்னு ஆச்சுன்னு எனக்குத் தெரியல மாமா. யாருக்காச்சும் தெரியுமான்னும் தெரியல."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாள். நல்ல டீச்சராகத்தான் இருப்பாள்.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். சம்பந்தி பாண்டிச்சேரியில் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள்.

"அஸோன்னு சொல்வோம்மா," என்றார். "தூரத்துலேருந்து சுட்டது எல்லாம் முடிஞ்சி, கடைசில செவுத்து மேல ஏறி ஆள் மேல ஆள் வுழறது. அதுக்குத்தான் தைரியம் வோணும். எதிர்ல இருக்கறவன் கையிலயும் துப்பாக்கி இருக்கும் பாரு. இன்னா சம்பந்தி, பட்டாளத்துல சேரப் போறீங்களா?"

சிரித்தேன். சம்பந்தி சொன்ன அந்தச் சொல்லுக்குக்கூட நான் லாயக்கில்லை. என் எதிரில் இருந்தவன் கையில் என்ன இருந்தது? பஸ் டிக்கெட்.

போனை வைத்த பிறகு கவிதா சொன்னாள். "இன்னொன்னு மாமா. இன்சல்ட்டும் அதே வேர்தான். அவமானப்படுத்தறது. அதுவும் ஒருத்தர்மேல குதிக்கறதுதான். ரிசல்ட்டுகூட. அது திரும்பக் குதிக்கறது."

தைலத்தை மூடினேன். அவள் என் முட்டியைப் பார்த்தாள்.

"எதத் தாண்டுனீங்க மாமா?"

சொல்லிவிட்டேன். முழுசும். சிரித்ததையும்.

அவள் பேனாவைத் திறந்து அடுத்த பேப்பரை எடுத்தாள். திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். சாப்பாடு இறங்கவில்லை.


அக்டோபர் 9, வியாழன். தி.வனம்

மூட்டம் அதிகம். கடலில் ஏதோ புயல் சின்னம் என்று ரேடியோவில். சணல் சாக்குக்கு நல்ல கிராக்கி. எல்லாரும் மழைக்கு முன்னால் மல்லாட்டையைக் கட்டிவிட ஓடுகிறார்கள்.

மத்தியானம் தண்டபாணி சொன்னான். என்னோடு இருபது வருஷமாக இருக்கிறவன், சுற்றி வளைக்க மாட்டான்.

"சவரிமுத்து நேத்து நம்ம மார்க்கெட்டு பூரா சுத்தியிருக்காரு மொதலாளி. ஒர்த்தரும் சாக்கு குடுக்கல. வி.புரத்துல நம்மாளுங்க கடைங்கள்லயும் இல்லன்னுட்டாங்களாம்."

"ஏன்?"

"ஏன்னு என்னக் கேட்டா? டீக்கடையில நீங்கதான சொன்னீங்க."

பேச்சுவாக்கில் சொன்னேன் என்றேன். "மொதலாளி பேச்சுவாக்குல சொன்னா எங்களுக்கு எல்லாம் உத்தரவுதான்," என்றான். கிண்டல்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

சங்கத் தலைவர் கடைக்குப் போனேன். பெரிய மனுஷன், பூ வைத்த படத்துக்குக் கீழே உட்கார்ந்து பேரன் போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த ஆளுக்கு சாக்கு குடுத்துடச் சொல்லுங்க. மழ வருது."

"ஒனக்காகத்தானப்பா நிறுத்தி வெச்சிருக்கோம். புகாரு வாபஸ் வாங்கட்டும், நானே வண்டி வெச்சி அனுப்பறேன்."

"நான் கேக்கறேன், எனக்காக."

"நீ இன்னிக்கி கேப்ப. நாளைக்கி இன்னொருத்தன் பொண்ணு ஸ்டேஷனுக்குப் போவும். அப்போ கேஸு யாரு மேல பாயும், என் மேல. சனிக்கெழம வா, நாங்க அத்தினி பேரும் வந்து தொடலன்னு சாட்சி சொல்றோம். பேஜாரு பண்ணாத."

திரும்பி வந்தேன். சவரிமுத்துவின் கட்டு கல்லாவுக்கு முன்னால் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. யாரும் தொடவில்லை. பிரித்துப் பார்த்தேன். எலி கடித்ததுதான். என் குடோன் எலிதான். பாதிக்கும் மேலே.

இன்னொன்று ஞாபகம் வந்தது. ஆவணியில் ஒரு மில் மேனேஜர் காரில் வந்தார். கடை திறந்த உடனே. போணி ஆகவில்லை. இரண்டு கட்டு நனைந்திருக்கிறது, மாற்று என்றார். "ஒக்காருங்க சார்" என்று காப்பி வரவழைத்தேன். மாற்றிக் கொடுத்தேன். அன்று போணி வழக்கம் எங்கே போயிருந்தது? கொக்கி ஆணியில் மாட்டியிருந்தது.

சைக்கிளில் வீடு வீடாகக் காலிச் சாக்கு வாங்கிப் பிழைத்தவன் நான். என்னை எத்தனை பேர் வாசலோடு அனுப்பியிருக்கிறார்கள். அதை எல்லாம் இத்தனை வருஷமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மேலே வந்துவிட்டேன் என்று. மேலே வந்து செய்த வேலை இது.

மாத்திரை இன்றும் மறந்துவிட்டேன்.


அக்டோபர் 10, வெள்ளி. காணைப் பக்கம் போய் வந்தது

குட்டியானை வண்டியில் நல்ல சணல் சாக்குக் கட்டு ஏற்றிக்கொண்டு போனேன். சாக்கைக் கொடுத்தால் புகார் கரையும் என்ற கணக்கு மனசில் இல்லை என்று இங்கே எழுத முடியாது. இருந்தது. ஒரு ஓரத்தில். மழையைப் பற்றிய கவலையும் நிஜம்.

கொல்லையில் காய் ஆய்ந்து குவித்திருந்தார்கள். மேலே பழைய புடவைகள் போர்த்தி, ஓரத்தில் கல். ஈரம் காயாத காய். பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும், அதுவும் கிடைக்கவில்லை. நாலைந்து பெண்கள் செடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து அவர்கள் நடுவில், எனக்கு முதுகைக் காட்டி. வண்டிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். ஸ்டெல்லா. வேலைக்கு லீவு போட்டிருப்பாள் போல. கையெல்லாம் மண்.

"இன்னா வேணும்ங்க?"

"சாக்கு கொண்டாந்தேம்மா. மழ வந்துடும் போல இருக்குது."

"எறக்காதீங்க."

"காசு ஒண்ணும் வேணாம். அந்தக் கட்டுக்கு மாத்து."

"வாபஸ் வாங்கணுமா?"

"அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு திங்கக்கெழம வராத வண்டி இன்னிக்கி வருது?"

காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, "மொதலாளிக்கு முட்டி வலின்னு கேள்விப்பட்டோம், எறங்கி வந்துட்டாரே," என்றாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். ஊருக்குள் எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"எங்கப்பாவுக்கு ஒங்க வயசுதாங்க. அன்னிக்கி வூட்டுக்கு வந்து சோறு துன்னல. இன்னா ஆச்சின்னு கேட்டா ஒண்ணும் இல்லன்றாரு. தி.வனத்துலேருந்து வந்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிரிச்சாங்களாமே எல்லாரும். நாளைக்கி அந்த எல்லாரும் ஸ்டேஷனுக்கு வருவாங்க இல்ல?"

"வருவாங்க."

"அவுங்க முன்னாடி சொல்லுங்க, இன்னா பண்ணீங்கன்னு. அப்பறம் சாக்கப் பேசலாம்."

"அதுக்குள்ள மழ வந்துட்டா?"

"வந்தா நனையும். நாங்க பாத்துக்கறோம்."

வண்டியைத் திருப்பினேன். காணை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் தண்ணீர். பின்னால் என் சாக்கு தார்ப்பாய்க்குள் பத்திரமாக. டிரைவர் ஏதோ பாட்டுப் போட்டான். நிறுத்தச் சொன்னேன்.

மேலே திங்கட்கிழமை எழுதியதைப் படித்தேன். வந்தான், போட்டான், போனான் என்றே எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் சொன்ன வயசுக் கணக்குப்படி அவர் எனக்கு ஒரு வருஷம் மூப்பாகக்கூட இருக்கலாம்.


அக்டோபர் 11, சனி. தி.வனம் ஸ்டேஷன்

புரட்டாசி சனி. வீட்டில் தளிகை போட்டு, நாமம் வைத்துக்கொண்டு நேராக ஸ்டேஷன். மழை விட்டிருந்தது. வாசலில் சேறு. சங்கத் தலைவரும் எதிர்க்கடைக்காரர்களும் முன்னாடியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தர் தோளில் தட்டினார். "அசால்ட்டா முடிஞ்சுடும் வா."

எஸ்.ஐ. சின்ன வயதுப் பெண். மேஜையில் டிபன் பாக்ஸ் பாதி திறந்திருந்தது. சவரிமுத்துவும் மகளும் பெஞ்சில். நான் நின்றேன். வக்கீல் என் பக்கத்தில்.

"கொக்கியால அடிச்சீங்களா?"

"இல்ல மேடம்."

"தொட்டீங்களா?"

"தொடல."

பின்னால் ஒரு பெருமூச்சு. தலைவருடையது. எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். வக்கீல் என் கையை லேசாக அழுத்தினார், போதும் என்று. போதும்தான். நான் சொன்னது இரண்டும் நிஜம். அதோடு நிறுத்தினால் சவரிமுத்துவும் மகளும் பொய்ப் புகார் கொடுத்தவர்கள் ஆகிவிடுவார்கள், அந்தக் காய்க்கு எங்கேயும் சாக்கு கிடைக்காது, நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடைக்குப் போய்விடலாம்.

சவரிமுத்துவைப் பார்த்தேன். மடியில் இரண்டு கையும் ஒன்றின்மேல் ஒன்று. பிடித்து வைத்திருப்பது மாதிரி.

"ஓங்கினேன் மேடம்," என்றேன். "கட்டத் தாண்டிக் குதிச்சி ஓங்கினேன். அவரு குந்தலன்னா எறங்கியிருக்கும்."

வக்கீல் இருமினார். எஸ்.ஐ. தலை தூக்கினார். "எதுக்கு?"

"போணி ஆவல."

வாய்விட்டுச் சொன்னபோது அது எவ்வளவு சின்ன விஷயம் என்று என் காதுக்கே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களும்.

"போணிக்கு முன்ன யாரு திருப்பிக் குடுத்தாலும் ஓங்குவீங்களா?"

"இல்ல மேடம். மில்லு ஆளுங்கன்னா காப்பி வாங்கிக் குடுப்பேன். இவரத்தான். இவரு ஒண்ணும் பண்ண மாட்டாருன்னு தெரியும்."

"சாட்சி சொல்ல வந்தவங்க யாரு?" என்று எஸ்.ஐ. பின்னால் பார்த்தார். தலைவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மன்னிப்பு கேட்டேன். எல்லார் முன்னாலும். நன்றாகக் கேட்கத் தெரியவில்லை. "தப்புங்க, மன்னிச்சிக்கோங்க" என்று ரேட் சொல்கிற குரலில் வந்தது.

எஸ்.ஐ. சவரிமுத்துவிடம் கேட்டார். "இன்னா சொல்றீங்க? முடிச்சிக்கலாமா?"

"எம்பொண்ணு சொல்றதுதாம்மா."

"அவுரு சொன்னதயெல்லாம் எழுதிக்கோங்க மேடம்," என்றாள் ஸ்டெல்லா. "எழுதினது இருக்கட்டும். வாபஸ் இல்ல."

எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். வக்கீல் என்னைப் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே மரத்தடியில் சவரிமுத்து நின்றார். நான் பக்கத்தில் போனேன். கொஞ்சம் தள்ளியே நின்றேன். அவர் ரோட்டைப் பார்த்துப் பேசினார்.

"சின்ன வயசுல பண்ணையில மாடு மேச்சவன் நான். ஓங்கினா குந்தணும்னு அப்போ கத்துக்கினது. அதெல்லாம் போச்சு, மறந்துபோச்சுன்னு இருந்தேன் மொதலாளி. புள்ளய படிக்க வெச்சேன், வூடு கட்டினேன். அன்னிக்கி பாத்தா கையி மறக்கல. நீ ஓங்கினது கூட இல்ல. என் கையி தானா போச்சு பாரு, அதுதான் எனக்கு சோறு எறங்கல."

நீ என்றார். முதல் தடவை. நன்றாக இருந்தது, எனக்குத் தகுந்ததாக.

காய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஓரத்துல கறுத்துப்போச்சு. மீதி தேறும்," என்றார். ஸ்டெல்லா பஸ் வந்துவிட்டது என்று கூப்பிட்டாள்.

தலைவர் கடைக்குப் போய், யார் கொடுக்காவிட்டாலும் நான் அவருக்குச் சாக்கு கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். "சங்கத்துல இனிமே ஒன் பேச்சு எடுபடாது, பாத்துக்க," என்றார். சரி என்றேன்.


அக்டோபர் 12, ஞாயிறு. வி.புரம்

கடை லீவு. வெயில் நன்றாக அடித்தது. காய்க்கு நல்லது. மாத்திரை ஒருவழியாக வாங்கினேன். பையன் போன் செய்தான், தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லையாம்.

கவிதா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "இன்னா ஆச்சு மாமா?"

சொன்னேன்.

"ரிசல்ட்டு?" என்றாள். சிரிப்பு இல்லை, ஆனால் குரலில் ஏதோ இளகியிருந்தது.

"வாபஸ் இல்ல."

"அதுவும் சரிதான் மாமா," என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து அவளும் காப்பி குடித்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என் எதிரில் உட்கார்ந்து குடித்ததில்லை.


அக்டோபர் 13, திங்கள். தி.வனம்

வெயில். பாசஞ்சர் லேட். நான் வருவதற்குள் தண்டபாணி கடையைத் திறந்து சாம்பிராணி போட்டிருந்தான். கொக்கியில் இருந்த சந்தனம் குங்குமத்தை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். "தீபாவளி வரைக்கும்னீங்களே?" என்றான். துடைத்தான்.

போணி ஆகவில்லை. சவரிமுத்துவும் ஸ்டெல்லாவும் வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக. எதிர்க்கடையில் ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே நின்று பார்த்தார். தலைவர் கடையிலிருந்தும் ஒருத்தர் எட்டிப் பார்த்தார்.

ஸ்டெல்லாதான் பேசினாள். கல்லாவுக்கு முன்னால் ஒரு வாரமாகக் கிடக்கிற கட்டைக் காலால் காட்டினாள்.

"இத மாத்திக் குடுங்க."

"குடுக்கறேம்மா."

"போணி ஆச்சா?" என்றாள். வேணும் என்றேதான் கேட்டாள். எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி.

"ஆவல. நீங்கதான் மொதல்ல."

சவரிமுத்து தூணுக்குப் பக்கத்தில் நின்று கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல சணல் கட்டுகள் அடுக்கின் மேலே இருந்தன. கைக்கு எட்டாது. வழக்கம்போல ஆணியிலிருந்து கொக்கியை எடுத்துக் கையைத் தூக்கினேன், மேல் கட்டை இழுக்க.

சவரிமுத்துவின் கை எழுந்தது. தோள் வரை வந்து நின்றது. அப்படியே துண்டைச் சரிசெய்துகொண்டார். துண்டு சரியாகத்தான் இருந்தது.

மகள் பார்த்தாள். நானும் பார்த்தேன். கொக்கியை ஆணியில் மாட்டினேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, இரண்டு கையாலும் கட்டைப் பிடித்து இழுத்தேன். நகம் பெயர்ந்தது.

"கொக்கி இருக்குது மொதலாளி," என்றான் தண்டபாணி.

"தெரியும்," என்றேன்.